பக்கத்து வீட்டுப் பையன் கேம்ப்புக்குப் போகிறான்

வணக்கம் மக்களே. என் கையில் இருப்பது ஒரு சாக்ஸ். உள்பக்கம் திருப்பிக் காட்டுகிறேன், பெயர் ஒட்டியிருப்பது தெரிகிறதா? இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் துணியோடு பிடித்துக்கொள்ளும் லேபிள் இது. காலையிலிருந்து இருபது சாக்ஸ், பதினாறு டி-ஷர்ட், நான்கு துண்டு முடித்துவிட்டேன். எதுவும் எங்கள் வீட்டுத் துணி இல்லை. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் யூதர்கள். அவர்கள் பையன் நாளைக்கு யூதப் பிள்ளைகளுக்கான ஏழு வாரக் கோடைக் கேம்ப்புக்குக் கிளம்புகிறான். அவன் அம்மா தனியாகத் திண்டாடுவதைப் பார்த்து ஒரு பையை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன் கொண்டுபோகக் கூடாதாம். கடிதம்தான். பன்னிரண்டு வயசுப் பையன், உறையில் ஸ்டாம்ப்பை எந்த மூலையில் ஒட்டுவது என்று நேற்றுதான் கற்றுக்கொண்டான்.

"கேம்ப் என்றால் டியூஷனா, டூரா?" என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. காட்டுக்குள் ஓர் ஏரி, சுற்றிலும் மரக் கேபின்கள், ஒரு கேபினுக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நீச்சல், படகு, பாட்டு, சண்டை, சமாதானம். அமெரிக்காவில் இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் காற்று புகாத அறைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்த ஏழை யூதக் குடும்பத்துப் பையன்களுக்காக 1902-இல் சர்ப்ரைஸ் லேக் கேம்ப் தொடங்கியது. கொஞ்சம் வெயில், கொஞ்சம் பால், கொஞ்சம் நல்ல காற்று, அவ்வளவுதான் நோக்கம். அந்தக் காலத்தில் மற்றவர்கள் நடத்திய பல கேம்ப்புகளில் யூதப் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு காற்று போதாது, மொழியும் வேண்டும் என்று கிளம்பினார்கள். 1941-இல் மஸாத் என்று ஒரு கேம்ப், முழுக்க யூதர்களின் பழைய மொழியான ஹீப்ருவில். பேஸ்பால் ஆட்டத்துக்குக்கூட ஹீப்ருச் சொற்கள் உண்டாக்கி அகராதியே போட்டார்கள்! 1947-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் கானோவர் என்ற ஊரில் முதல் ரமா கேம்ப் வந்தது. ரமா இன்றும் பல இடங்களில் நடக்கிறது.

போன வருஷம் பெற்றோர் பார்க்கப் போகும் நாளில் என்னையும் அழைத்துப் போனார்கள். இவன் போகும் கேம்ப்பின் பெயர் வேண்டாம். நான் எதிர்பார்த்தது வகுப்பறை. அங்கே பார்த்தது பலகைகள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ‘ஹதர் ஓஹெல்’, கேபினில் ‘ட்ஸ்ரிஃப்’, காய்ச்சல்காரர்கள் படுக்கும் அறையில் ‘மர்ப்பேயா’. பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் வாக்கியம் இங்கிலீஷ், பெயர்ச்சொல் மட்டும் ஹீப்ரு. நாம் "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்" என்போமே, அந்த மாதிரிதான். அதில் ஒரு சொல் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். அகம். எல்லோரும் அகத்துக்கு ஓடுகிறார்கள். ஹீப்ருவில் அகம் என்றால் ஏரியாம்! நமக்கு வீடும் மனசும் அகம், அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குதிக்கிற இடம்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு நன்றிப் பாட்டு. பக்தியாக மெல்ல முணுமுணுப்பார்கள் என்று நினைத்தேன். இருநூறு பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிப் பாடியதில் என் தட்டிலிருந்த ஸ்பூன் தரைக்கு வந்துவிட்டது. வாரம் முழுக்க அழுக்கு டி-ஷர்ட்டோடு திரிகிற இதே கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளுமாம், யூதர்களின் வார ஓய்வுநாளான ஷபாத் தொடங்குகிறது என்று. அதனால்தான் கொண்டுபோக வேண்டிய துணிப் பட்டியலில் ஏழு வெள்ளைச் சட்டை.

கோடையிலேயே வருகிற துக்க நாள் ஒன்றும் உண்டு, திஷா பாவ். ஜெருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து நோன்பிருப்பார்கள். அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பைபிளிலும் இருக்கும் ‘புலம்பல்’ என்ற வேத நூலை மெல்லிய ராகத்தில் வாசிப்பார்கள் என்று பையன் சொன்னான். பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கும் காலத்தில் வருவதால், நிறையப் பிள்ளைகள் இந்த நாளைத் தெரிந்துகொள்வதே கேம்ப்பில்தான்.

எல்லாம் சர்க்கரை என்று சொல்லமாட்டேன். செலவு பயங்கரம். ஏழு வாரத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும் கேம்ப்புகள் உண்டு. முதல்முறை போகும் பிள்ளைக்கு ஆயிரம் டாலர் வரை உதவித்தொகை தரும் திட்டம் இருக்கிறது, ஆனால் அது முதல் படிதான். அப்புறம், இஸ்ரேல். பல கேம்ப்புகளில் அங்கிருந்து ஒவ்வொரு கோடையிலும் இளைஞர்களை வரவழைக்கிறார்கள். கொடி, பாட்டு எல்லாம் உண்டு. பாலஸ்தீனர்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று 2018-இல் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் சில இளம் கேம்ப் வழிகாட்டிகள் கேட்க, உள்ளுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் ஆனது. கேட்டது சரிதான் என்பேன்.

சரி, கடைசித் துணிக்கு வந்துவிட்டேன். ஷபாத் முடியும் சனிக்கிழமை ராத்திரி வட்டமாக நின்று, தோளில் கை போட்டு, ஷபாத்துக்கு விடைகொடுக்கும் ஹவ்தலா பாடுவார்கள். இன்று பல இடங்களில் பாடும் மெட்டு டெபி ஃபிரீட்மன் போட்டது. அவர் கேம்ப்பில் கிடாரோடு பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அங்கே பாடிய பிள்ளைகள் வளர்ந்து அவருடைய மெட்டுகளை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். பின்னல் போட்ட மெழுகுவத்தி ஒன்று எரியும். கடைசியில் அதைத் திராட்சை ரசத்தில் தோய்ப்பார்கள், ‘உஸ்’ என்று அணையும்.

இது போன வருஷத்துச் சட்டை. காலருக்குக் கீழே பாருங்கள், நீல மெழுகு ஒரு சொட்டு. மேலே தாள் வைத்துத் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். எடுக்கட்டுமா என்று பையனிடம் கேட்டேன். வேண்டாம் என்றான். லேபிளை மட்டும் ஒட்டுகிறேன்.