தடுப்பூசி போடும் நாள் வரை

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். எங்கள் மருந்தகத்துக்கு வருவதெல்லாம் மாடும் ஆடும் கோழியும்தான். பூனையைத் தூக்கி வருபவர்கள் கூச்சத்தோடு எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நிற்பார்கள்.

அப்படி வந்த ஒரு அம்மா, கூடையைத் திறந்து காட்டினார்கள். இரண்டு மாதக் குட்டி. முந்தின நாள்வரை முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடியதாம். இப்போது தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. தாகம் இருக்கிறது, ஒரு சொட்டு நக்க முடியவில்லை. சலைன் ஏற்றினோம். இரவு தாங்கவில்லை. "போன குட்டியும் இப்படித்தான் சார் போச்சு. அது படுத்த சாக்குலதான் இதையும் படுக்க வெச்சேன்" என்று அழுதார்கள்.

அந்தச் சாக்குதான் காரணம். வாந்தியும் கழிச்சலுமாக வந்து குட்டிகளைக் கொல்லும் இந்த வைரஸ் நோய்க்குப் பான்லூக்கோபீனியா என்று பெயர், பூனைப் பார்வோ என்றும் சொல்வோம். இதன் வைரஸ் சாதாரண வீட்டுச் சூட்டில் ஒரு வருடம்கூட வீரியம் குறையாமல் கிடக்கும். நோயுள்ள பூனை உங்கள் வீட்டுக்கு வரவே வேண்டாம், தெருவில் அதன் கழிச்சலை மிதித்த செருப்பு வந்தால் போதும். அதனால் ஊசி போடாத குட்டி இருக்கும் அறைக்குள் செருப்பு வேண்டாம். தெருப்பூனையைத் தடவினால் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுக் குட்டியைத் தொடுங்கள். கையில் தடவும் சானிடைசர் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக் குட்டியைப் பதினான்கு நாள் தனி அறையில் வையுங்கள். தட்டும் மண் தொட்டியும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஒரு குட்டி இறந்த வீடா? சாக்கையும் துணியையும் எரித்துவிடுங்கள். சிமென்ட் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் முப்பது மில்லி திரவ பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். தரை காய்ந்த பிறகே குட்டியை விடலாம். மண் தரையில் இது பலிக்காது, அங்கே புதுக் குட்டியை விடவே வேண்டாம். கறுப்புப் பினாயிலும், தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினியும் பூனைக்கு விஷம். பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும்.

இந்த நோய்க்கான தடுப்பூசிக்கு வருவோம். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் தாண்டும்வரை போடவேண்டும். டவுனுக்கு அத்தனை முறை போக பஸ்ஸும் இல்லை, பணமும் இல்லை என்பவர்கள் எத்தனையோ பேர். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால், பதினாறு வாரம் முடிந்ததும் போய்விடுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது முறியடித்துவிடும். பிறந்த தேதி தெரியாத குட்டியா? முன்பக்கத்துப் பால்பல் விழுந்து புதுப்பல் தெரிகிறதா பாருங்கள், ஏறக்குறைய நான்கு மாதம். கிளம்புமுன் போன் செய்து மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசியையும் அன்றைக்கே கேளுங்கள். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

குட்டி சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். வாந்தி எடுக்கும் வாயில் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அணைத்து வைத்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தூக்கிவாருங்கள். மாட்டு டாக்டர்தானே என்று தயங்கவேண்டாம். சலைன் அங்கேயும் உண்டு. கடைசியில் நிற்காமல் முன்னால் வந்து சொல்லுங்கள்.

அந்த அம்மா ஒன்றரை வருடம் பொறுத்திருந்து மறுபடி ஒரு குட்டி எடுத்தார்கள். பதினாறாவது வாரத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நான் ஓய்வு பெறும்போது அதற்கு மூன்று வயது.