எலும்பு ஏற்றுக்கொண்ட கண்ணாடி

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பஸ் பயணத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். 1967ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தின் சாகமோரில் அமெரிக்க ராணுவம் நடத்திய பொருளறிவியல் மாநாட்டுக்குப் போகும் பஸ். அதில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் லாரி ஹென்ச் உட்கார்ந்திருந்தார். பீங்கானும் கண்ணாடியும் அவருடைய துறை. வயது முப்பதைத் தொடவில்லை. பக்கத்து இருக்கையில் வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ஒரு கர்னல். காமா கதிர்களைத் தாங்கி நிற்கும் பொருள்களைப் பற்றி ஹென்ச் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டு முடித்த கர்னல், கதிர்வீச்சைத் தாங்கும் பொருளைச் செய்கிறீர்களே, மனித உடலுக்குள் தாங்கும் பொருளைச் செய்ய முடியுமா என்றார். உள்ளே வைத்த உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்காததால், காயம்பட்ட வீரர்களின் கை கால்களை வெட்ட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தக் கேள்வி ஹென்ச்சை விடவில்லை. அதுவரை மருத்துவத்தில் எல்லோரும் தேடியது, உடலோடு எந்த வினையும் புரியாத பொருளை. வினை புரியாவிட்டால் தொல்லை இல்லை என்பது கணக்கு. ஆனால் உடல் அப்படிப்பட்ட பொருளை அந்நியமாகவே பார்க்கிறது. சுற்றிலும் நார்த்திசுவால் ஓர் உறை கட்டி ஒதுக்கி வைக்கிறது. எலும்புக்கும் பொருளுக்கும் நடுவே அந்த உறை கிடப்பதால் நாளடைவில் பிடி தளர்கிறது. ஹென்ச் எதிர்த்திசையில் யோசித்தார். எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும். அவற்றையே தரக்கூடிய பொருளை உள்ளே வைத்தால், எலும்பு ஏன் அதை விலக்க வேண்டும்?

1969இல் அப்படித் தரக்கூடிய ஒரு கண்ணாடியை வார்த்தார். எடைக் கணக்கில் 45 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள்; சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் ஆக்சைடு 6. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70 சதவீதத்துக்கும் மேல் இருக்கும்; அதனால்தான் எத்தனை மழை பெய்தாலும் அது கரைவதில்லை. சிலிக்காவை இவ்வளவு குறைத்தால் நீர் பட்டதும் அரிக்கும், அதாவது சாதாரணக் கண்ணாடிக்கு அது குறை. ஹென்ச்சுக்கு வேண்டியிருந்தது அந்தக் குறைதான்.

எலும்பு அறுவை மருத்துவர் டெட் கிரீன்லீ, அதன் சிறு துண்டுகளை எலிகளின் தொடை எலும்பில் பொருத்தினார். ஆறு வாரங்கள் கழித்து எடுக்கப் போனார், வரவில்லை. தள்ளிப் பார்த்தார், அடித்தும் பார்த்தார், அசையவில்லை. ஒப்பிடுவதற்காக வைத்த மற்றத் துண்டுகளோ சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தன. இந்தக் காட்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. மனிதன் உலையில் உருக்கிச் செய்த ஒன்றை உயிருள்ள எலும்பு தன்னுடையதாக்கிக் கொண்டுவிட்டது.

நடந்தது இதுதான். உடல்நீர் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் வெளியேறுகிறது. அங்கே கூழ் போன்ற சிலிக்கா படலம் உண்டாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த படிகமாக இறுகுகின்றன. எலும்பின் கொலாஜன் என்ற புரத நார்கள் அந்தப் படிகத்தில் பின்னிக்கொள்கின்றன.

1971இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. இந்தக் கண்ணாடியால் ஆன முதல் மருத்துவச் சாதனம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1985இல். நடுச்செவியின் சிற்றெலும்புகளுக்கு மாற்று அது. பிறகு 1993இல், ஈறு நோயால் கரைந்த தாடை எலும்பை நிரப்பும் துகள்கள். பின்னாளில் பற்கூச்சத்துக்கான பற்பசையிலும் அதே கண்ணாடியைப் பொடியாகச் சேர்த்தார்கள்.

கர்னல் கேட்டது கை கால்களுக்கு. கண்ணாடி போய்ச் சேர்ந்ததோ காதுக்கும் பல்லுக்கும். காரணம் எளிது. எலும்போடு எவ்வளவு ஒட்டினாலும் கண்ணாடி கண்ணாடிதான். உடலின் பாரத்தைத் தாங்காமல் உடையும். இதைச் சொல்லாமல் ஹென்ச்சைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவரும் அத்தோடு நிற்கவில்லை. 1990களில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய், நோயியல் அறிஞர் ஜூலியா போலாக்குடன் சேர்ந்தார். கண்ணாடியிலிருந்து கரையும் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், எலும்பு வளர்க்கும் செல்களின் மரபணுக்களையே தூண்டுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். 2015 டிசம்பரில், 77 வயதில் ஹென்ச் மறைந்தார். லண்டனில் அவரிடம் பயின்றவர்கள் இந்தக் கண்ணாடியின் வேதியியலைப் பிளாஸ்டிக் போன்ற பாலிமரோடு இழைத்து, வளைந்துகொடுக்கும் பொருளாக்கப் பாடுபட்டு வருகிறார்கள். அந்தக் கர்னலின் கேள்விக்கான வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.