ஒரே மரபணு, 38,016 புரதங்கள்
(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் பழ ஈயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2024-இல் அதன் மூளை முழுவதையும் வரைபடமாக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 1,39,000 நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். அந்த ஈயிடம் உள்ள மரபணுக்களோ சுமார் 14,000 தான். இவ்வளவு சிக்கலான பின்னலுக்கு அது எப்படிப் போதும்?

விடையில் ஒரு பகுதி டிஸ்காம்-1 என்ற மரபணுவில் இருப்பது 2000-இல் தெரிந்தது. மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. இழையில் சில துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டிய பிறகுதான் புரதம் உருவாகிறது. எந்தத் துண்டை வைப்பது என்பதில் மாற்று வழிகள் உண்டு. டிஸ்காம்-1இல் நான்காவது எக்ஸானுக்கு (வைக்கப்படும் துண்டுக்கு எக்ஸான் என்று பெயர்) 12 மாற்றுகள், ஆறாவதுக்கு 48, ஒன்பதாவதுக்கு 33, பதினேழாவதுக்கு 2. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றே ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: 38,016 புரத வடிவங்கள்.

48-இல் ஒன்று மட்டும் எப்படித் தேறுகிறது? ஆர்.என்.ஏ. இழையில் பொதுவான இடம் ஒன்று இருக்கிறது. 48 துண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் முன்னால், அந்த இடத்தோடு இணைசேரக்கூடிய வரிசை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் போய்ச் சேர முடியும். அப்படிச் சேர்ந்த வரிசைக்கு அடுத்துள்ள துண்டு நிலைக்கிறது. மற்ற 47-உம் நீக்கப்படுகின்றன.

இந்தப் புரதம் நியூரானின் வெளிப்புறத்தில் நிற்கும். தன்னைப் போலவே அச்சாக இருக்கும் இன்னொன்றோடு மட்டுமே நன்றாகப் பிணையும். பிணைந்தால் நியூரானின் கிளைகள் ஒட்டிக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? இல்லை, விலகிப் போகின்றன. நம் நகரத்தார் வழக்கில் ஒரே கோயில், ஒரே பிரிவு என்று தெரிந்துவிட்டால் பங்காளி. பெண் கேட்கும் பேச்சே எழாது. அதுபோல இங்கே "இதுவும் நானே" என்று அறிவதுதான் விலகக் காரணம். ஒரே நியூரானின் கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரவுவது இதனால்தான்.

சோதனைகள் இதை உறுதிசெய்தன. ஒரு நியூரானிலிருந்து இந்த மரபணுவை எடுத்துவிட்டால், அதன் கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக மோதிக்கொள்கின்றன. ஏதாவது ஒரு வடிவத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும், மீண்டும் ஒழுங்காக விரிகின்றன. ஆனால் எல்லா நியூரான்களுக்கும் அதே ஒரு வடிவத்தைக் கொடுத்தால் வினை வருகிறது. அயல் நியூரானின் கிளையையும் தன்னுடையது என்று எண்ணி ஒதுங்குகின்றன. மூளையின் இணைப்புகள் குலைகின்றன. தன்னையும் பிறரையும் பிரித்தறிய ஆயிரக்கணக்கான வடிவங்கள் தேவை என்று 2009-இல் காட்டினார்கள்.

என்னை மிகவும் ஆட்கொள்வது இந்தத் தேர்வின் தன்மை. ஒவ்வொரு நியூரானும் சில பத்து வடிவங்களைப் பெரும்பாலும் தற்செயலாகவே எடுத்துக்கொள்கிறது. எந்த வடிவம் என்பது முக்கியமில்லை. பக்கத்து நியூரானுடையதிலிருந்து வேறாக இருந்தால் போதும். எல்லாமே மரபணுவில் முன்கூட்டி எழுதப்பட்டவை என்று நம்பும் மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மூளையின் எல்லா இணைப்பையும் இந்த ஒரு மரபணு முடிவு செய்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மனிதரிடமும் இதற்கு உறவான மரபணு, 21-ஆம் குரோமோசோமில், உண்டு. ஆனால் அது இத்தனை வடிவம் எடுப்பதில்லை. முதுகெலும்புள்ள உயிர்களில் இந்த வேலையைப் பார்ப்பவை புரோட்டோகேட்ஹெரின்கள் என்ற வேறு புரதங்கள். அவற்றில் காமா வகை 22-ஐயும் எலியின் விழித்திரையிலிருந்து 2012-இல் நீக்கினார்கள். ஒருவகை நியூரான்களின் கிளைகள் சிக்குண்டன. ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தபோது, ஈயில் நடந்தது போலவே, அவை விலகி விரிந்தன.