உங்கள் குழந்தை அடிக்கடி 'சலாம்' போடுகிறதா? அது சளி இல்லை!

[காட்சி: ஏழு வயதுச் சிறுமி, உள்ளங்கையால் மூக்கைத் தேய்க்கிறாள். மெதுவாக ஓடட்டும்.]

இந்தக் கையைக் கவனியுங்கள். உள்ளங்கையை மூக்கு நுனியில் வைத்து, கீழிருந்து மேலே ஒரே தேய். என் அக்கா மகள்தான். 'என்ன பழக்கம் இது' என்று நாங்கள் கையில் ஒரு தட்டு தட்டி அடக்கப் பார்த்தோம். மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: அலர்ஜி சலாம். மூக்கு அரிக்கிறது, அடைக்கிறது, அதனால் குழந்தை மேலே தள்ளிவிடுகிறது. நாள்பட இப்படித் தேய்த்தால் மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும். வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் பிள்ளையின் மூக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் போகமாட்டேன்.

பார்த்தாச்சா? சரி. வணக்கம் மக்களே. நான் பேசுவது வேலந்தாவளத்தில் இருந்து. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம். தும்மலுக்கு மட்டும் செக்போஸ்ட் கிடையாது.

பாடப்புத்தகப் பகுதியை வேகமாக முடித்துவிடுகிறேன். மகரந்தம், தூசு போன்ற ஒன்றும் செய்யாத பொருளை உடம்பு எதிரி என்று நினைத்து ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை அவிழ்த்துவிடுகிறது. அரிப்பு, தும்மல், தண்ணீர் மூக்கு எல்லாம் அதன் வேலை. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. அவ்வளவுதான், தேர்வு முடிந்தது.

[காட்சி: நீல வானம், ஒரு பட்டம்.]

இப்போது எனக்குப் பிடித்த ஆள். சார்லஸ் பிளாக்லி, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மருத்துவர். கோடை வந்தால் அவருக்கே தும்மல் தாங்காது. வெயிலால் வருகிறது, சூட்டால் வருகிறது என்று அப்போது ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனிதர் யாரையும் நம்பவில்லை. புல்லின் மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே போட்டுப் பார்த்தார். தோலைக் கீறி அதன் மேல் வைத்துப் பார்த்தார். வீங்கியது. இன்று மருத்துவமனையில் முன்கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கிறார்களே, அதற்குத் தாத்தா இந்தக் கீறல்தான்.

அதோடு விட்டாரா? பிசுபிசுப்பு தடவிய கண்ணாடித் துண்டைப் பட்டத்தில் கட்டி மேலே ஏற்றினார்! வளர்ந்த டாக்டர், வேலை நேரத்தில் பட்டம் விடுகிறார். இறக்கிப் பார்த்தால், தரைக்குப் பக்கத்தில் கிடைத்ததைவிட உயரத்தில்தான் மகரந்தம் அதிகம். 1873-ல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். இதில் நமக்கு என்ன இருக்கிறது? 'எங்கள் வீட்டுப் பக்கம் செடியே இல்லையே, அப்புறம் எப்படி' என்று கேட்கிறீர்கள் இல்லையா? செடி இருக்க வேண்டியதில்லை. காற்று இருந்தால் போதும்.

காற்றுக்கு நமக்கா பஞ்சம்? மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவர் மாதிரி நிற்கிறது. அதில் பெரிய ஓட்டை பாலக்காட்டுக் கணவாய், அகலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று இதற்குள் புகுந்து பொள்ளாச்சிப் பக்கம் சீறும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் மகரந்தம் எம்மாத்திரம்! மார்கழி, தையில் காற்று திரும்பிக்கொள்ளும். கிழக்கிலிருந்து காய்ந்து வந்து, உதட்டை வெடிக்கவைத்து, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புழுதி கிளப்பும். ஒரே குழந்தைக்கு வருடத்தில் இரண்டு சீசன் வருவது இதனால்தான் என்பது என் கணக்கு. வெளிநாட்டு வீடியோவில் 'வசந்த காலம்' என்று சொல்வதை வைத்து நாம் காலண்டர் போட முடியாது.

சாலையோரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, பார்த்தீனியம், அதுவும் ஒரு குற்றவாளி. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அதைப் பிடுங்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். பூப்பதற்கு முன், கையுறை போட்டுப் பெரியவர்கள் செய்யட்டும்.

மழை பிடித்துக் காற்று அடங்கினாலும் மூக்கு அடங்கவில்லையா? தலையணையைச் சந்தேகப்படுங்கள். தூசுப்பூச்சி கண்ணுக்கே தெரியாது, தண்ணீர் குடிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். நம் மழைக்காலம் அதற்குத் தீபாவளி. வாரம் ஒருமுறை உறையையும் விரிப்பையும் சுடுநீரில் அலசுங்கள். கட்டிலில் கிடக்கும் பஞ்சுக் கரடிக்கும் அதே தண்டனை.

[காட்சி: வீட்டு வாசல். அம்மிச்சியும் பேத்தியும்.]

எங்கள் வீட்டில் மூன்று முறை சளி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வாங்கினோம். என் அம்மா ஒரே பிடி: "தலைக்குத் தண்ணி ஊத்தாத கண்ணு, சளி எறங்கிரும்." அம்மிச்சி சொன்னால் அப்பீல் ஏது? ஆனால் காய்ச்சல் இல்லை, மூக்கில் வருவது தண்ணீர், கண்ணும் அரிக்கிறது, பத்து நாள் தாண்டியும் நிற்கவில்லை. சாதாரணச் சளி இப்படி இருக்காது. விளையாடிவிட்டு வந்ததும் முகம், தலைமுடி கழுவி உடை மாற்றினால் பாதி மகரந்தம் வாசலோடு போய்விடும். காற்றடிக்கும் நாளில் பள்ளிச் சீருடையை மாடிக்கொடியில் காயப்போடாதீர்கள்.

மருந்து? செட்டிரிசின் போன்றவை அரிப்பையும் தும்மலையும் குறைக்கும். அளவை மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டு அக்கா வேண்டாம். மூக்கு அடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தால் பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். ஆனால் இரண்டு நாளில் 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடவும் கூடாது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதனால் காற்று தொடங்கும் முன்பே ஆரம்பிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வீடியோவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஸ்ப்ரே அடிக்கும் விதமும் முக்கியம். தலை லேசாகக் குனியட்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கட்டும். நடுவில் அடித்தால் எரிச்சல், ரத்தம். நாங்கள் முதல் வாரம் முழுக்கத் தப்பாகத்தான் அடித்தோம். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதை நாள்கணக்கில் போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.

உப்புநீரால் மூக்கு கழுவுவது நல்லது. ஆனால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டுமே. கிணறு, குழாய், குளத்துத் தண்ணீர் நேராக மூக்குக்குள் போகக் கூடாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது நுழையும் வழி மூக்கு. ஆவி பிடிக்கவைத்துக் குழந்தையைச் சுட்டுவிடாதீர்கள், கற்பூரம் தேய்க்காதீர்கள். மூச்சில் விசில் சத்தம், இரவு இருமல், விலா உள்வாங்குவது தெரிந்தால் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கமெண்டில் எழுதுங்கள்: உங்கள் ஊர் எது, பிள்ளைக்கு மூக்கு எந்த மாதம் தொடங்குகிறது, அப்போது காற்று எந்தப் பக்கம்? கம்பம், செங்கோட்டைப் பக்கத்து ஆட்களும் சொல்லுங்கள், உங்களுக்கும் கணவாய் உண்டு.

[இறுதிக் காட்சி: மொட்டை மாடி.]

பிளாக்லி கதை கேட்டதும் எங்கள் சலாம்காரிக்கும் ஆசை வந்துவிட்டது. கண்ணாடி வேண்டாம் என்று செலோ டேப்பைத் திருப்பி ஒட்டிப் பட்டம் விட்டோம், மாஸ்க்கோடுதான். இருபது அடிகூட ஏறவில்லை, பனைமரத்தில் மாட்டிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, மகரந்தம் சேகரித்துக்கொண்டு.