பல்லித் தொட்டிக்கு எவ்வளவு சூடு?

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி வெயிலில் பல்லிக்கு ஹீட்டரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டியூப்லைட் பக்கத்தில் பூச்சி பிடிக்கிற நம் வீட்டுப் பல்லிக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பேச வந்தது, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ பற்றி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி அது.

பல்லிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளியே சூடு கிடைத்தால்தான் தின்றது செரிக்கும். அதனால் தொட்டியின் ஒரு பக்கத் தரை 31, 32 டிகிரி இருக்கட்டும்; மறுபக்கம் 25 போதும். போதுமென்று தோன்றினால் அது நகர்ந்துபோக இடம் வேண்டுமே! மே மாதத்தில் அறையே அவ்வளவு கொதிக்கும். அப்போது ஹீட்டரை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த பக்கத்தைத்தான் காப்பாற்ற வேண்டும். ஐப்பசி மழைக்கும் மார்கழி இரவுக்கும் தொட்டிக்கு அடியில் ஒரு ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, போதும். அது தரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சூட்டைப் பார்த்து அதைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை பிளக்கில் செருகவே செருகாதீர்கள்.

தெர்மோஸ்டாட் வாங்கியாச்சே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தான். ராத்திரி பல்லி மண்ணைத் தோண்டியதில் தெர்மோஸ்டாட்டுக்காகச் சூட்டை அளக்கும் சென்சார் ஒயர் இடத்திலிருந்து கழன்று, குளிர்ந்த பக்கம் போய் விழுந்துவிட்டது. கருவிக்கு என்ன தெரியும்? 'இன்னும் 26தான்' என்று ஹீட் மேட்டைச் சூடேற்றிக்கொண்டே இருந்தது. காலையில் மேசை துடைத்த அவன் அம்மாவின் கை பட்டு, "டேய், கண்ணாடி சுடுதுடா!" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. பல்லி மறுகோடிக்கு ஓடிப் பிழைத்திருந்தது. அங்கே குளிர்ந்த பக்கம் ஒன்று இருந்ததே, அதுதான் காப்பாற்றியது. ஆகவே சென்சாரை ஹீட் மேட்டுக்கு நேர் மேலே, தரையோடு அசையாமல் பொருத்துங்கள். தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்து தினமும் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், சென்சார் இருக்கும் இடத்தின் சூடுதான் கருவிக்குத் தெரியும்.

மின்சாரத்தில் சுடும் செயற்கைக் கல்லான ஹீட் ராக் வேண்டவே வேண்டாம். அதன்மேலேயே படுத்து வயிறு வெந்துபோன பல்லிகள் உண்டு. கடலோரத்து உப்புக்காற்றில் பிளக் முனைகள் பச்சை பிடிக்கும். அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். புயலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது கரண்ட் இல்லாமல் நாம் பட்டது நினைவிருக்கும். அப்படி ஒரு ராத்திரியில் தொட்டிப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி ஒரு பக்கம் வையுங்கள். கரண்ட் வரும்வரை பூச்சி போட வேண்டாம், செரிக்காது. தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வாங்கும்போது கேட்க வேண்டிய சட்டப்படியான காகிதங்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.