சட்டன் பார்க்: பள்ளம் எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பர்மிங்காம் என்றதும் நமக்குத் தொழிற்சாலையும் கால்வாயும்தான் நினைவுக்கு வரும். அந்த மாநகராட்சி எல்லைக்குள்ளேயே, வடக்கு ஓரத்தில், சுமார் 2,400 ஏக்கரில் ஒரு பழைய வேட்டைக்காடு இருக்கிறது. சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரை ஒட்டிக் கிடப்பதால் அதற்குச் சட்டன் பார்க் என்று பெயர். 800 ஆண்டுகளுக்கு முன்னால் அது ஒரு பிரபுவின் மான் பூங்கா. இன்றைக்கு அந்தக் காட்டின் வேலியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். மரமும் பூவும் பின்னால் வரும்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, வேட்டை என்பது அரசரின் தனிச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. பெரும் பரப்புகளை அரசரின் வனம் என்று அறிவித்து, அதற்கென்று தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் வைத்தார்கள். பிரபுக்களுக்கும் ஆசை இருக்கும் அல்லவா? அவர்கள் அரசரிடம் அனுமதி வாங்கி, தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை வளைத்து, உள்ளே மான்களை விட்டு வளர்த்தார்கள். 1300ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 3,000 மான் பூங்காக்கள் இருந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. லண்டனின் ஹைட் பார்க்கூட, 1536இல் எட்டாம் ஹென்றி மன்னர் வேட்டைக்காக எடுத்துக்கொண்ட இடம்தான்.

பெரும்பாலும் உள்ளே வளர்த்தது ஃபாலோ என்ற வகை மான். நம் புள்ளிமான் போலவே முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும். ஆண் மானின் கொம்பு மட்டும் நுனியில் தட்டையாக அகன்றிருக்கும். வெளிநாட்டிலிருந்து நார்மன்கள் கொண்டுவந்து பெருக்கிய இனம் இது. வளமில்லாத மண்ணிலும் மந்தையாக மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். அந்த மான்கறி சந்தையில் முறைப்படி விற்கிற சரக்கே அல்ல. பிரபுவின் விருந்தில் பரிமாறுவார்கள், அல்லது யாருக்காவது பரிசாக அனுப்புவார்கள். கையில் காசு இருந்தாலும் வாங்க முடியாது, அதனால்தான் அதற்கு அவ்வளவு மரியாதை.

சரி, வேலிக்கு வருவோம். கோட்டைக்கு அகழி எங்கே இருக்கும்? வெளியே. எதிரி வெளியிலிருந்து வருகிறவன். மான் பூங்காவில் இது தலைகீழ். பள்ளம் உள்பக்கம், மண்மேடு வெளிப்பக்கம். மேட்டின்மேல் பிளந்த ஓக் பலகைகளை நெருக்கமாக நட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் மான் தாண்ட நினைத்தால் பள்ளத்துக்குள் இறங்கித்தான் எம்ப வேண்டும், உயரம் எட்டாது. சில பூங்காக்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. வேலியில் ஓரிடத்தில் வெளிப்பக்கத் தரையை உயர்த்திவிடுவார்கள். வெளியே திரியும் மான் அங்கிருந்து சுலபமாக உள்ளே குதித்துவிடும், திரும்பிப் போக வழி இருக்காது. பக்கத்தில் அரசரின் வனம் இருந்தால் யாருடைய மான் வந்து விழும் என்று யோசித்துப் பாருங்கள். இதை அமைக்கவும் அரசரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

சட்டன் நிலத்தை முதலாம் ஹென்றி மன்னர் வேறொரு நிலத்துக்கு மாற்றாக வாரிக் பிரபுவுக்குக் கொடுத்தார். பூங்காவை வளைத்தது அந்த 12ஆம் நூற்றாண்டில்தான் என்கிறார்கள். பலகைகள் எப்போதோ மக்கிப்போயின. மேடும் பள்ளமும் பல இடங்களில் இன்னும் கிடக்கின்றன.

அங்கே நடப்பவர்கள் குழம்பிப் போகிற விஷயம் ஒன்று உண்டு. பூங்காவின் நடுவில், ஹாலி ஹர்ஸ்ட், டார்னல் ஹர்ஸ்ட், ஸ்ட்ரீட்லி வுட் என்று பெயர் கொண்ட தோப்புகளைச் சுற்றியும் இதேபோல் மேடும் பள்ளமும் இருக்கும். எல்லை வேலி நடுக்காட்டுக்கு எப்படி வந்தது? பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும். தோப்பைச் சுற்றிய பள்ளம் தோப்புக்கு வெளியே இருக்கும். அங்கே மானை உள்ளே விடாமல் இருப்பதுதான் நோக்கம். மரத்தை அடியோடு ஒட்ட வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். விறகுக்கும் கம்புக்கும் அப்படித்தான் வளர்த்தார்கள். மான் உள்ளே புகுந்தால் ஒரு தளிர் மிஞ்சாது. ஆகவே, பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மான்.

அந்தத் தோப்புகளில் ஓக் மரத்தோடு ஹாலி என்ற மரமும் ஏராளம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சிவப்புப் பழத்தோடு முள் இலை போட்டிருப்பார்களே, அதுதான். கீழ்க்கிளை இலைகளில் முள் அதிகம், மேலே போகப் போகக் குறையும். புல் காய்ந்துபோகும் குளிர்காலத்தில் மேல்கிளைகளை வெட்டி மானுக்குத் தீனியாகப் போடுவது அந்த நாட்டுப் பழைய வழக்கம்.

பூங்காவில் குளங்களும் உண்டு. ஓடையைக் கரை கட்டி மறித்து உண்டாக்கியவை, பழையவை மீனுக்காக. 15ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த பிரேஸ்பிரிட்ஜ் என்பவரின் பெயரில் ஒரு குளம் இன்றும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சில குளங்களின் தண்ணீர் ஆலைச் சக்கரம் சுற்றப் போனது.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாரிக் பிரபுக்களின் சொத்து அரசரிடம் திரும்பிவிட்டது. ஊரும் நொடித்துக் கிடந்தது. அப்போதுதான் ஜான் வீசி வருகிறார். சட்டனில் பிறந்தவர், எக்ஸெட்டர் நகரின் பிஷப், எட்டாம் ஹென்றிக்கு வேண்டியவர். 1527இல் ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே மன்னரிடம் பேசி ஒரு சாசனம் வாங்கிவிட்டார். ஊர் நிர்வாகம் ஊர்க்காரர்கள் கையிலேயே இருக்கும், பூங்காவும் அவர்களுக்கே சொந்தம், அங்கே வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்றது சாசனம். சொந்தச் செலவில் 51 கல்வீடுகளும் கட்டினார் வீசி, சில இன்றும் நிற்கின்றன. கம்பளித் துணி நெசவையும் ஊரில் கொண்டுவந்து பார்த்தார், அது மட்டும் தேறவில்லை.

இந்தக் காடு பிழைத்ததற்கு வீசிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். சாசனம் வெறும் காகிதம். அதற்கு உயிர் கொடுத்தவை ஊர்க்காரர்களின் மாடுகள். தன் மாடு மேய்கிற நிலத்தை எவனாவது உழ வந்தால் சும்மா இருப்பார்களா? 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சட்டனின் மற்ற பொது நிலங்களையெல்லாம் சட்டம் போட்டுப் பங்கு பிரித்து வேலியடைத்தார்கள். பூங்கா தப்பியது. மண்ணும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கூழாங்கல்லும் மணலும் கலந்த பூமி அது, உழுதாலும் பெரிதாக விளையாது.

அதற்காக ஓரங்கள் கடிபடாமல் இல்லை. பக்கத்து மாளிகைக்காரர்கள் அவ்வப்போது ஒரு துண்டைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். 1827இல் ஹார்டப் என்ற பிரபு தன் வீட்டை ஒட்டிய பூங்காக் காட்டை எடுத்துக்கொண்டு, ஊரை ஒட்டிய தன் புல்வெளியை மாற்றாகக் கொடுத்தார். இன்று டவுன் கேட் என்ற பிரதான வாசல் வழியாக நுழைகிறவர்கள் காண்பது அந்த மாற்று நிலத்தைத்தான்.

1879இல் ரயில் வந்தது, பூங்காவின் குறுக்கேயே தண்டவாளம் போட்டார்கள். விடுமுறை நாள்களில் தொழிற்சாலைப் பகுதி மக்கள் குவிந்தார்கள். 1965இல் பயணிகள் ரயில் நின்றுபோனது, சரக்கு ரயில் இன்றும் ஓடுகிறது. 1957இல் உலகச் சாரணர் பெருமுகாம் இங்கேதான் நடந்தது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிறந்து 100 ஆண்டு, இயக்கம் தொடங்கி 50 ஆண்டு. 30,000 பேருக்கு மேல் கூடாரம் அடித்தார்கள்.

இன்று மான் மந்தை இல்லை. 1997இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே பாதுகாக்கிற முக்கியமான பொருள் மரம் என்று நினைத்துவிடாதீர்கள். மரமில்லாத திறந்த வெளிதான் அரிது. ஹெதர் என்ற குட்டைச் செடி கோடைக் கடைசியில் ஊதா நிறத்தில் பூக்கும். மஞ்சள் பூவும் முள்ளுமாகக் கோர்ஸ் புதர்கள் நிற்கும். சதுப்பில் பூச்சியைப் பிடித்துத் தின்னும் பட்டர்வர்ட் செடிகூட உண்டு. மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளில் பிர்ச் கன்றுகள் முளைத்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் இப்போதும் மாடுகளையும் குட்டைக் குதிரைகளையும் விட்டு மேய்க்கிறார்கள், கன்றுகளை ஆள் வைத்தும் வெட்டுகிறார்கள். மரம் வெட்டுகிறார்களே என்று அங்கே வருகிறவர்கள் கோபப்படுவதும் நடக்கத்தான் செய்கிறது.

மேற்கு ஓரத்தில் ரோமானியர் போட்ட சாலை ஒன்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அப்படியே கிடக்கிறது, பக்கத்தில் சரளை தோண்டிய குழிகளோடு. உழவும் படவில்லை, மேலே தார்ச்சாலையும் ஏறவில்லை. மான் வேலி வருவதற்கு 1,000 ஆண்டுக்கு முந்தியது அது.

அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் சட்டன் கோல்ட்ஃபீல்ட் வந்துவிடும், அங்கிருந்து டவுன் கேட்டுக்கு நடந்தே போகலாம். ஹெதர் பார்க்க ஆகஸ்ட் நல்ல மாதம். அப்புறம், வெறும் செருப்பு போதாது, பூட்ஸ் போட்டுப் போங்கள். லாங்மூர் ஓடைப் பக்கம் கோடையிலும் கால் புதையும்.

நன்றி, வணக்கம்.