அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். ரொம்ப வருஷம் டீச்சரா இருந்தவ நான். நம்ம அரசுப் பள்ளிகளுக்கு வண்டியில வர்ற மெடிக்கல் டீம் பத்திதான் பேச வந்திருக்கேன். 2013-ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே., அதாவது மத்திய அரசோட தேசிய குழந்தைகள் உடல்நலத் திட்டம், டாக்டரும் நர்ஸும் பள்ளிக்கூடத்துக்கே வந்து பிள்ளைங்கள பார்ப்பாங்க, மேல வைத்தியம் வேணும்னா ஒரு சீட்டு எழுதித் தருவாங்க. அந்தச் சீட்டு பல பிள்ளைங்க பையிலயே கசங்கிப் போகுது, அதான் என் கவலை.

முதல்ல கண்ணு. 6 மீட்டர் தள்ளி சார்ட்டை மாட்டி படிக்கச் சொல்லுவோம். வரிசையில பின்னாடி நிக்கிறதுங்க, முன்னாடி ஆள் சொல்றத கேட்டே மனப்பாடம் பண்ணிடும்! ஒரு பொண்ணு கடகடன்னு எல்லாம் சொல்லிடுச்சு, எனக்கு என்னமோ சந்தேகம், தனியா கூப்பிட்டு கடைசி எழுத்துலேருந்து திருப்பிச் சொல்லுன்னேன், வலது கண்ணை மூடினா ஒண்ணுமே தெரியல. அதுக்கு இடது கண்ணுல பார்வை கம்மின்னே தெரியாது, பொறந்ததுலேருந்து அப்படித்தானே பார்க்குது? பிள்ளை வந்து சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க, அதுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கண்ணு மட்டும் மங்கலா இருந்து அப்படியே விட்டுட்டா மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடும், சோம்பல் கண்ணுன்னு சொல்லுவாங்க, சின்ன வயசுலயே பார்த்தாதான் நல்லா சரியாகும். அந்தப் பொண்ணோட அம்மா, "கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு டீச்சர் கட்டிப்பா"ன்னு அழுதாங்க. 2009-லேருந்து கண்ணொளி காப்போம் திட்டத்துல கண்ணாடி இலவசம்தாங்க, காசு இல்ல தடை, இந்தப் பேச்சுதான் தடை.

அடுத்து காது. சீழ் வடிஞ்சா தயவுசெஞ்சு எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. செவிப்பறையில ஓட்டை இருக்கலாம், காது சரியா கேட்காது. அந்தப் பிள்ளையத்தான் வகுப்புல சொன்ன பேச்சு கேக்காதவன்னு திட்டுறோம். சீட்டு குடுத்தா காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

நேரம் முடியுதுன்னு கை காட்டுறாங்க, பல்லு பத்தி நிறைய வச்சிருந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், 6 வயசு வாக்குல பால்பல்லுக்குப் பின்னாடி ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும், விழுந்து முளைக்கிற பல்லுதானேன்னு விட்டுடாதீங்க, அது நிரந்தரப் பல்லு, போனா வராது. ராத்திரி டார்ச் அடிச்சு அங்க கறுப்பா குழி இருக்கான்னு பாருங்க, அப்படியே பையையும் திறந்து சீட்டு ஏதாவது கிடக்கான்னு பார்த்துடுங்க. வணக்கம்.